கழுவி வச்ச குப்பி

யக்கா, அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்துதியளா? தூசி வாரி அடிக்கி. ம்... போதும் போதும். ஆடி மாசம் இந்த முப்பந்தல் வழியா வந்தா கண்ணத் தொறக்க முடியாது. காவல்கிணறு தாண்டுனா கொஞ்சம் அடங்கும்.

அந்தக் கரண்டு எடுக்குற காத்தாடியளத்தான பாத்துட்டே வாறிய? இந்தப் பக்கம் புதுசா? அப்பம் பாக்கத்தான் செய்விய. எனக்கு அதப் பாத்தாலே எரிச்சல் வரும். அழகாத்தான் சுத்துது, இல்லன்னு சொல்லல. ஆனா போன காத்து சீசன்ல அதால நான் பட்ட பாடு எனக்குல்லா தெரியும்.

என் பேரு குளோரி. வள்ளியூர்ல ஒரு லேப்ல வேலை பாக்கேன். ரத்தம் பாக்குற லேப் இல்லக்கா. எண்ணெய் பாக்குற லேப். சமையல் எண்ணெயும் இல்ல. மெஷினுக்கு ஊத்துற எண்ணெய். நீங்களும் சிரிக்கிய பாத்தியளா? எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாவ. எண்ணெயில போயி என்னத்தப் பாக்கன்னு கேப்பாவ. சொல்லுதேன் கேளுங்க.

அந்தக் காத்தாடி உச்சியில பஸ் மாதிரி ஒரு பெட்டி தெரியுதுல்லா, அதுக்குள்ள கியர்பாக்ஸ் இருக்கு. பல்லும் பல்லும் உரசிக்கிட்டே கெடக்கும். உரசுனா இரும்பு தேயும். அந்தப் பொடி எண்ணெயில கலந்துரும். கண்ணால பாக்க முடியாது. ஒரு டேங்கர் லாரித் தண்ணியில ரெண்டு ஸ்பூன் உப்பப் போட்டுக் கலக்கிட்டு, எவ்வளவு உப்புன்னு கேட்டா எப்படி இருக்கும், அந்த அளவு. இரும்பு கூடுனா பல்லு தேயுது. செம்பு கூடுனா பேரிங் போகப் போவுது. சிலிக்கான்னு ஒண்ணு இருக்கு. அது வேற ஒண்ணும் இல்ல, மணல்தான். அது கூடுனா வெளியத் தூசி உள்ள போயிருக்குன்னு அர்த்தம். மணலு உள்ள போச்சுன்னா கியர்பாக்ஸ் தன்னத்தானே அரைச்சுக்கிடும். மேல இருந்து அத எறக்கணும்னா பெரிய கிரேன் வரணும். அதனால அப்பப்ப எண்ணெய எடுத்து எங்க லேப்புக்கு அனுப்பிப் பாப்பாவ.

அந்த எண்ணெய மெஷினுக்குத் தயார் பண்ணிக் குடுக்கதுதான் என் வேலை. மெஷின்ல போட்டா அது பாட்டுக்கு நம்பரக் காட்டிரும், அதுல ஒரு சாமர்த்தியமும் இல்ல. தயார் பண்ணுததுலதான் எல்லாம் இருக்கு. வந்த பாட்டில சூடு பண்ணணும். எண்ணெய் இளகணும். அப்புறம் நல்லா குலுக்கணும். ஏன்னா இரும்பெல்லாம் கனம்லா, அடியில போயி உக்காந்துரும். குலுக்காம மேலாப்புல எடுத்தா சுத்தமான எண்ணெய் மாதிரி காட்டும், அங்க காத்தாடி செத்துக்கிட்டிருக்கும். குலுக்குன கையோட ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியில கொஞ்சம் எடுத்து எட போடணும். அப்புறம் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு தண்ணி இருக்கு, அத அளந்து ஊத்தி, திருப்பியும் கலக்கி, வரிசையா அடுக்கி வைக்கணும். இவ்வளவுதான். ஆனா கை சுத்தம் வேணும் பாத்துக்கிடுங்க. மனசுல நெனச்சுப் பாருங்க, டேங்கர் லாரியில ரெண்டு ஸ்பூன். நம்ம கையில இருக்க வேர்வையில உள்ள உப்பு போதும், கணக்கு எல்லாம் போயிரும்.

சுத்தத்துல என்னைய யாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாதுக்கா. எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, நீ தேய்க்க தேய்ப்புக்கு பாத்திரம் எல்லாம் ஓட்டையாப் போயிரும்னு. லேப்ல என் மேசையில நீங்க சோத்தப் போட்டு சாப்பிடலாம். இத நான் சொல்லல. அணஞ்சபெருமாள் சொன்னான். அவன் கதையத்தான் சொல்ல வாறேன்.

அந்த முப்பந்தல் பக்கம் ஒரு கம்பெனிக்கு வரிசையா காத்தாடி நிக்கி. பேரு வேண்டாம். அந்தக் காத்தாடிக்கெல்லாம் மேல ஏறி வேலை பாக்குற ஆளுகளுக்கு அணஞ்சபெருமாள்தான் தலைவன் மாதிரி. ராதாபுரத்துக்காரன். நாப்பது வயசு இருக்கும். எண்ணெய் மாத்துறது, குறைஞ்சா ஊத்துறது, சாம்பிள் எடுக்கது, எல்லாம் அவன் கைதான். சாம்பிளக் கொண்டுட்டு அவனே பைக்ல வருவான். வந்தான்னா எனக்குக் கோவம்தான் வரும். பாட்டிலு மேலெல்லாம் கிரீஸ் அப்பியிருக்கும். அத அப்படியே என் மேசையில வைப்பான். நான் விடுவனா? "தம்பி, மொதல்ல அதத் தொடச்சிட்டு வையி"ன்னு சொல்லுவேன். அவன் தோள்ல கெடக்க துண்ட எடுத்து ஒவ்வொண்ணா தொடப்பான். தொடச்சிட்டு, "யக்கா, ஒங்க மேசையில சோறு போட்டுத் திங்கலாம்க்கா"ம்பான். நல்ல பையன்தான், கொற சொல்லல. ஆனா அழுக்கு.

எங்க லேப்ல மூணே பேரு. மொதலாளி திரவியம் சார், நான், அப்புறம் மெஷின் பாக்குற நர்மதா. பணகுடிக்காரி, எம்.எஸ்ஸி. படிச்சவ. படிச்சிருக்கா, சரி. ஆனா டீ குடிச்ச டம்ளரக் கம்ப்யூட்டர் பக்கத்துலயே வச்சுருவா. அவகிட்ட சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கி.

அந்த சின்னக் குப்பி இருக்குல்லா, அதுல ஒரு தடவ எண்ணெய் எடுத்துட்டுத் தூக்கிப் போட்டுருவாவ. பெட்டி பெட்டியா மெட்ராஸ்ல இருந்து வரும். எனக்கு வயிறு எரியும். நல்ல குப்பி, மூடியோட, கிண்ணுன்னு இருக்கு. அத ஒரு தடவ எண்ணெய் பட்டதுக்காக குப்பையில போடணுமா? ஒருநாள் சார்கிட்ட கேட்டேன், "சார், நான் கழுவித் தாறேன். எதுக்கு வீணாக்கணும்?" சார் யோசிச்சாரு. "சுத்தமா கழுவ முடியுமா குளோரி?"ன்னு கேட்டாரு. என்னையப் பாத்துக் கேக்காரு, சுத்தமா கழுவ முடியுமான்னு! சிரிச்சிட்டேன்.

கழுவுனேன்க்கா. சோப்புத் தண்ணிக்கு அந்த எண்ணெய் அசையல. பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டே இருக்கு. அப்புறம் வீட்டுல இருந்து பாத்திரம் வெளக்குற பவுடரும் தேங்கா நாரும் கொண்டு போனேன். நாருல பவுடரத் தொட்டு உள்ள விட்டு ஒரு திருகு திருகுனா, பளிச்சுன்னு வந்துட்டு. அதுக்கப்புறம் குழாத் தண்ணி, அப்புறம் லேப்ல உள்ள நல்ல தண்ணி, ரெண்டுலயும் அலசிக் காய வச்சு எடுத்தேன். சார் ஒரு குப்பிய வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "புதுசு மாதிரி இருக்கே"ன்னாரு. நர்மதா முன்னாடியே சொன்னாரு, "இந்தப் பொறுப்பு யாருக்கு வரும்?"னு. எனக்கு அன்னைக்கு வந்த சந்தோஷம் இருக்கே...

சரி, அத விடுங்க. சீசன் வந்துட்டு. இப்ப அடிக்க மாதிரி காத்து. காத்தாடி எல்லாம் பேய் மாதிரி சுத்துது. சாம்பிளு பெட்டி பெட்டியா வருது. நானும் தயார் பண்ணிக் குடுக்கேன். மெஷின்ல பாத்தா சிலிக்கான் ஏறி நிக்கி. ஒண்ணுல இல்ல. எல்லாத்துலயும். முந்தி ரெண்டு மூணுன்னு இருந்தது, இப்ப முப்பது, நாப்பதுன்னு காட்டுது.

நர்மதா கேட்டா, "யக்கா, எல்லாக் காத்தாடியிலயும் ஒண்ணு போல எப்படிக்கா ஏறும்?" நான் சொன்னேன், "ஏட்டி, வெளிய எட்டிப் பாரு. எப்படி மண்ண வாரி எறியுது? மேல மூடியத் தொறந்து வச்சிட்டு எண்ணெய் ஊத்துனா ஏறாம என்ன செய்யும்?" எல்லாரும் மேல இருந்து வாற அந்தப் பாட்டில பாக்கணும், எத்தனை அழுக்கு! பாட்டிலு வெளிய இப்படி இருந்தா மூடி தொறக்கும்போது அணஞ்சபெருமாள் எப்படி இருப்பான்னு நமக்குத் தெரியாதா?

நீங்க கேக்கலாம், வேற யாரு எண்ணெயும் வரலையான்னு. வந்துதுக்கா. கல் குவாரி லாரி எண்ணெயும் வந்துது. அதுலயும் கூடத்தான் இருந்தது. ஆனா குவாரி லாரியில தூசி இருக்கும்னு யாருக்குத்தான் தெரியாது? அத யாரும் பெருசா எடுக்கல.

திரவியம் சார் திருப்பியும் ஒரு தடவ பாக்கச் சொன்னாரு. பாத்தேன். நல்லா சூடு பண்ணி, நல்லா குலுக்கி, குப்பிய எல்லாம் இன்னொரு தடவ நாரு போட்டுத் தேய்ச்சு, அப்புறம்தான் எடுத்தேன். நம்பர் இன்னும் கொஞ்சம் கூடத்தான் வந்துது. எண்ணெயே ஊத்தாம அந்த மண்ணெண்ணெய் மாதிரி தண்ணிய மட்டும் வச்சு ஒண்ணு பாப்போம், நம்ம பக்கம் சுத்தமா இருக்கான்னு தெரிய. அதுல ஒண்ணுமே இல்ல, பூஜ்யம். அதுக்கு மட்டும் நான் எப்பவும் பெட்டியில இருந்து புதுக் குப்பிதான் எடுப்பேன். அதுதான எல்லாத்துக்கும் அளவுகோலு, அதுல விளையாட முடியுமா? ஆக, எங்க மேல தப்பு இல்லன்னு ஆச்சு. ரிப்போர்ட் போயிட்டு.

கம்பெனிக்காரனுவ ஆடிப் போயிட்டானுவ. நல்ல காத்து அடிக்கையில காத்தாடிய நிப்பாட்டுதது அவனுவளுக்கு உயிரே போன மாதிரி. நிப்பாட்டி, எண்ணெய எல்லாம் வடிச்சு, புது எண்ணெய் ஊத்தி, திருப்பி ஓட்டுனாவ. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் சாம்பிளு வந்துது. மறுபடியும் நாப்பது. அப்பம் பழி யாரு மேல வரும்? ஊத்துன ஆளு மேலதான வரும்? அணஞ்சபெருமாள வேலைக்கு வர வேண்டாம், வீட்டுல இருன்னு சொல்லிட்டாவ. அவன் கூட ஏறுத பயலுவளே அவனுக்கு "மூடி"ன்னு பேரு வச்சிட்டானுவளாம். டீக்கடையில அவன் தலையக் கண்டா, "மூடி வாறான், டம்ளர மூடுங்கலே"ம்பானுவளாம்.

அவன் லேப்புக்கு வந்தான்க்கா. சாம்பிளு இல்லாம சும்மா வந்தான். உள்ள வரல, வாசல்லயே நின்னான். நான்தான் என்ன தம்பின்னு கேட்டேன்.

"யக்கா, நான் மூடாம எறங்குனதே கெடையாதுக்கா. ஒரு தடவ கூட கெடையாது. எப்படிக்கா மணலு வரும்?"

"அது நீதான தம்பி சொல்லணும்."

"ஒங்க பக்கம் ஏதாவது..."

எனக்கு எங்க இருந்து வந்துதோ கோவம். "எங்க பக்கமா? என் மேசையில சோறு போட்டுத் திங்கலாம்னு நீதான சொன்ன? ஒன் பாட்டில தொடச்சு வாங்கதுக்கே நான் நிதம் ஒன் கூட சண்ட போடணும். எங்க பக்கம்னு சொல்ல வந்துட்ட!"

அவன் தலையத் தலைய ஆட்டுனான். போகும்போது, "ஒருவேள மறந்துருப்பேனோ என்னவோ"ன்னு அவனா சொல்லிக்கிட்டே போனான். பாத்தியளா, அவன் வாயாலயே வந்துட்டு. நான் அத நர்மதாகிட்டயும் சொன்னேன்.

அதோட விட்டாவளா? ஒரு ஞாயித்துக்கிழம நான் கோயிலுக்குப் போயிட்டு வந்து அப்பத்தான் வீடு தொடச்சு விட்டிருக்கேன், தரை இன்னும் காயல, ஒரு பொம்பள வாசல்ல நிக்கா. அவன் பொண்டாட்டி, பேச்சியம்மா. ராதாபுரத்துல இருந்து பஸ் ஏறி, விசாரிச்சு விசாரிச்சு வீட்டக் கண்டுபிடிச்சு வந்திருக்கா. செருப்பக் கழத்திட்டுத்தான் வந்தா. ஆனா காலெல்லாம் செம்மண்ணு. உள்ள வான்னு சொல்லாம இருக்க முடியுமா? உக்காருன்னேன். நாக்காலி கெடக்கு, அவ தரையில சொவத்தோரமா உக்காந்துட்டா.

"யக்கா, அவிய சாப்பிட மாட்டேங்காவக்கா. மொட்டை மாடியில போயி நின்னுட்டு காத்தாடியப் பாத்துட்டே இருக்காவ. தூக்கத்துல கைய இப்படித் திருகுதாவ. மூடிய மூடுத மாதிரி. நான் கையப் புடிச்சுக்கிட்டா முழிச்சிட்டு, 'மூடிட்டனா பேச்சி?'ன்னு கேக்காவ."

நான் காப்பி போட்டுக் குடுத்தேன். "நம்பர் என்ன வருதோ அதத்தான் நாங்க எழுதுதோம்மா. கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது"ன்னு பொறுமையாத்தான் சொன்னேன்.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ திருப்பிப் பாருங்கக்கா."

"பாத்தாச்சும்மா. ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாத்தாச்சு."

அவ காப்பியக் கூட முழுசாக் குடிக்கல. எந்திச்சுப் போயிட்டா. போனப்புறம் நான் அவ உக்காந்த எடத்த மறுபடியும் தொடச்சேன். செம்மண்ணு லேசுல போவாதுல்லா. எங்க வீட்டுக்காரரு, "அந்தப் பிள்ள தெரு முக்கு கூடத் திரும்பியிருக்காது, அதுக்குள்ள தொடைக்கணுமா?"ன்னு சத்தம் போட்டாரு. அவரு ஏன் சத்தம் போடுதாருன்னு எனக்குப் புரியவே இல்ல. மண்ணு கெடந்தா தொடைக்க மாட்டாவளா?

அப்புறம் எங்க சபையில கன்வென்ஷன் வந்துது. நான் லீவு போட்டேன். நான் இல்லாத நேரத்துல நர்மதாதான் எண்ணெயும் தயார் பண்ணி மெஷினும் பாத்திருக்கா. நான் திரும்பி வந்து நம்பரப் பாத்தா எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. அதே கம்பெனி காத்தாடிதான். சிலிக்கான் எல்லாம் ரெண்டு, மூணு!

எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவ குலுக்கல. சோம்பேறித்தனம். மேலாப்புல எடுத்து ஊத்திட்டா. மணலு அடியில கெடக்கு. நேரா சார்கிட்ட போனேன். "சார், நான் ரெண்டு நாளு இல்லன்னா லேப்போட கதி இப்படித்தான். குலுக்காம எடுத்திருக்கா. இந்த ரிப்போர்ட் போச்சுன்னா அங்க ஒரு கியர்பாக்ஸே போயிரும்"னு சொன்னேன்.

நர்மதாவுக்குக் கண்ணு கலங்கிட்டு. "குலுக்குனேன் சார். கை வலிக்க வலிக்கக் குலுக்குனேன்."

நான் விடல. "சார், அவளும் பண்ணட்டும், நானும் பண்ணுதேன். ஒரே பாட்டிலு. உங்க கண்ணு முன்னாடி." நானேதான்க்கா கேட்டேன். யாரும் கேக்கல. நானே கேட்டேன்.

சார் ஒரு பாட்டில எடுத்துக் குடுத்தாரு. நான் சூடு பண்ணி, குலுக்கி, என் குப்பியில எடுத்து வச்சேன். அவளும் அதே பாட்டில குலுக்கி, அவ குப்பியில எடுத்து வச்சா. மெஷின்ல போட்டா, எனக்கு முப்பத்தெட்டு. அவளுக்கு ரெண்டு. "பாத்தியளா சார்!"னு கையத் தட்டிட்டேன். குலுக்குற கை எதுன்னு இப்பம் தெரிஞ்சுதான்னு கேட்டேன்.

சார் அவ வச்ச குப்பியப் பாக்காரு, நான் வச்ச குப்பியப் பாக்காரு. "நர்மதா, இது எங்க உள்ளது?"ன்னு கேட்டாரு. "புதுப் பெட்டிய ஒடச்சேன் சார். கழுவ நேரம் இல்ல"ன்னா. பாருங்க, சோம்பேறித்தனம்னு நான் சொன்னேம்லா?

சார் அந்தப் புதுப் பெட்டியில இருந்து ஒரு குப்பிய எடுத்து என் கையில குடுத்தாரு. "குளோரி, நீயே குலுக்கு. நீயே எடு. இதுல எடு"ன்னாரு. செஞ்சேன். ரெண்டுன்னு வந்துது. அப்புறம் நர்மதாகிட்ட நான் கழுவி வச்ச குப்பியக் குடுத்தாரு. அவ செஞ்சா. நாப்பது வந்துது. அப்புறம் எண்ணெயே இல்லாம, அந்த மண்ணெண்ணெய் மாதிரி தண்ணிய மட்டும் நான் கழுவுன குப்பியில ஊத்தி மெஷின்ல போட்டாரு. அதுலயும் சிலிக்கான்.



சார் குப்பிய லைட்டுக்கு நேரா புடிச்சாரு. உள்ள பூராவும் கீறல். நாரு போட்ட கீறல். அந்தக் கீறலுக்குள்ள வெள்ளையா, மாவு மாதிரி. "எதப் போட்டுக் கழுவுன குளோரி?"ன்னு மெதுவாத்தான் கேட்டாரு. நான் அலமாரியத் தொறந்து பவுடர் டப்பாவ எடுத்துக் குடுத்தேன். அவரு பின்னாடி எழுதியிருக்கதப் படிச்சிட்டு, டப்பாவ மேசையில வச்சாரு. பாத்திரம் தேய்க்க பவுடருன்னா என்ன? மணலத்தான அரைச்சு வச்சிருக்கான்! அத யாராவது நம்மகிட்ட சொன்னானா? எத்தன வருஷமா வெளக்குதோம், மணலுன்னு யாராவது சொல்லியிருக்கானா? சுத்தம் பண்ணுத பவுடர்னுதான சொல்லி விக்கான்?

எனக்கு வந்த ஆத்திரத்த நான் எங்க போயிச் சொல்ல? குப்பியக் கழுவச் சொல்லி சம்மதிச்சது யாரு? சாரு. புதுசு மாதிரி இருக்குன்னு லைட்டுல பாத்தது யாரு? அவருதான். அன்னைக்கு அந்தக் கீறல் அவரு கண்ணுக்குத் தெரியலையா? எம்.எஸ்ஸி. படிச்சவ கூடவே இருக்கா, அவளுக்குத் தெரிய வேண்டாமா? இப்பம் எல்லாரும் என்னையே பாக்காவ.

சார் அப்பவே கம்பெனிக்குப் போன் போட்டாரு. "எங்க லேப்ல ஒரு கோளாறு நடந்துபோச்சு. உங்க எண்ணெயில ஒண்ணும் இல்ல. அந்த ஆளு மேல ஒரு தப்பும் இல்ல"ன்னாரு. நான் பக்கத்துலதான் நிக்கேன். கோளாறுங்காரு! நானா கோளாறு? ஒரு குப்பிய அழுக்கா வச்சிருந்தா கோளாறுன்னு சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன். அழுக்கா வைக்கலியே! தேய்ச்சுத் தேய்ச்சு என் வெரலு நகமெல்லாம் போச்சு.

மறுநாளு என்னைய வாசல் மேசைக்கு மாத்திட்டாரு. பாட்டிலு வந்தா நம்பர் ஒட்டி உள்ள அனுப்பணும். அவ்வளவுதான். உள்ள நர்மதா தயார் பண்ணுதா. ஒவ்வொரு தடவையும் குப்பியத் தூக்கிக் குப்பையில எறியுதா. டொக்கு டொக்குன்னு விழுத சத்தம் எனக்கு வெளிய கேக்கும். கேக்கும்போதெல்லாம் எழும்பிப் போயி அவ கையப் புடிக்கணும் போல இருக்கும்.

அணஞ்சபெருமாளத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாவ. சம்பளத்தோட, மரியாதையோட. சாரே நேர்ல போயி அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்தாரு. "குளோரி, நீயும் ஒரு வார்த்த சொல்லலாம்"னாரு. நான் எதுக்குச் சொல்லணும்? நானா அவன வேலைய விட்டு நிப்பாட்டுனேன்? நம்பர எழுதுனேன். நம்பர் என்ன வந்துதோ அத எழுதுனேன்.

பின்ன ஒருநாளு அவனே வந்தான், சாம்பிளு பெட்டியோட. நான் வாசல் மேசையில இருக்கேன். பாக்காத மாதிரி இருக்க முடியுமா? நேருக்கு நேரா வந்து நிக்கான். ஆளு மெலிஞ்சுதான் போயிருந்தான். பாட்டிலு ஒவ்வொண்ணும் பளபளன்னு தொடச்சிருக்கு. ஒண்ணுல கூட கிரீஸ் இல்ல. எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாத்தான் இருந்தது. இத்தன நாளு கத்துனது வீணாப் போகல பாத்தியளா? அதையும் சொன்னேன். "பரவாயில்லையே தம்பி, இப்பல்லாம் சுத்தமா கொண்டு வாற"ன்னு.

அவன் கோவப்படுவான்னு நெனச்சேன். சண்ட போடுவான்னு நெனச்சேன். போட்டிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன், மனசுல கெடந்தது போயிருக்கும். அவன் சண்டையே போடல. பெட்டிய மேசையில வச்சுக்கிட்டே பேசுதான். என்கிட்ட பேசுத மாதிரியும் இருக்கு, பேசாத மாதிரியும் இருக்கு.

"யக்கா, இப்பம் ஒரு காத்தாடிக்கு ரெண்டு தடவ ஏறுதேன்க்கா. மூடிய மூடிட்டு எறங்கிருதேன். தரைக்கு வந்தப்புறம் மூடுனமா இல்லையான்னு ஆயிருது. திருப்பி ஏறிப் போயி பாக்கேன். மூடித்தான் இருக்கும். எல்லாத்துலயும் மூடித்தான் இருக்கு. ஆனாலும் பாக்காம வீட்டுக்குப் போக முடியலக்கா. கூட உள்ள பயலுவ எல்லாம் போயிருவானுவ. நான் மட்டும் ஏறிக்கிட்டு கெடப்பேன்."

அந்தக் காத்தாடிக்குள்ள செங்குத்தா ஏணி இருக்கும்க்கா. ஒரு தடவ ஏறி எறங்குனாலே தொடை நடுங்கும்னு சொல்லுவாவ.

நான் மனசாரத்தான் சொன்னேன். "நல்லதுதான தம்பி. ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாத்துக்கிடுதது நல்ல பழக்கம்தான"ன்னு.

அவன் என்னையவே பாத்தான். அப்புறம் கைய நீட்டி ரசீத வாங்கிட்டு எறங்கிப் போயிட்டான்.

நீங்களே சொல்லுங்க யக்கா. நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?